முதல் இழுப்பு கூலி

கேட்டில் நின்ற காவலாளி ஒரு பிளாஸ்டிக் கூடையை நீட்டினார்.

"போனை ஆஃப் பண்ணி இதுல போடுங்க டீச்சரம்மா. தேர்வு முடியற வரைக்கும் யார் போனுக்கும் உயிர் இருக்கக் கூடாது. எங்க பெரிய மேடம் போனே இந்தக் கூடையிலதான் கிடக்கு. நாடு பூரா எல்லா சென்டர்லயும் இன்னைக்கு இதே சட்டம்."

டீச்சர் போனை அணைத்துக் கூடையில் போட்டாள். அவள் பின்னால் ஐந்து பிள்ளைகள், ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, திருவிழாவில் தொலைந்தவர்கள் மாதிரி நின்றார்கள். அதில் ஒருத்தி அவளுடைய தங்கை மகள். பார்க்கப் பொடிசு, பேச ஆரம்பித்தால் காரம், அதனால் ஊரில் எல்லாருக்கும் அவள் மிளகு. மலையில் கல் உடைக்கப் படிப்பு வேண்டாம், கை போதும் என்று சொல்லிக்கொண்டிருந்த தங்கையிடம் மல்லுக்கு நின்று, அந்தப் பெண்ணைத் தன் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தவள் டீச்சர்தான்.

போன வருஷம் வரைக்கும் செய்முறைத் தேர்வு அந்தந்தப் பள்ளிக்கூடத்திலேயே நடக்கும். பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு வாத்தியார் வருவார், டீ குடிப்பார், மார்க் போடுவார், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். இந்த வருஷம் மேலிடத்துக்குத் திடீரென்று ஞானோதயம். நாடு முழுக்க ஒரே நாள், ஒரே நேரம், ஒரே தேர்வு. நல்ல ஆய்வகம் இருக்கிற நகரத்துப் பள்ளிகளில் மட்டும். வாசலில் பேனர் வேறு கட்டியிருந்தார்கள்: 'எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு'. ஒரே வாய்ப்பாம், வெங்காயம்! நகரத்துப் பிள்ளைகள் வேனில் வந்து தலை கலையாமல் இறங்குகிறார்கள். இந்த ஐந்தும் முந்தின நாள் மதியம் கிளம்பி, மூன்று பஸ் மாறி, இரண்டு தடவை வாந்தி எடுத்து, பஸ் நிலையக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்திருக்கின்றன. பேனர் எழுதியவனை அந்த மூன்றாவது பஸ்ஸில் ஒரு தடவை ஏற்றிவிட வேண்டும்.

கட்டடம் புத்தம் புதுசு. தரை முழுக்க வெள்ளைக் கல், வழுவழுவென்று, முகம் தெரிகிற மாதிரி. மிளகு குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"பெரியம்மா, இது நம்ம மலைக் கல்லு. அப்பா வெட்டுறாரே, அதே கல்லு."

"கையை எடுடி, யாராவது பார்க்கப் போறாங்க."

"நம்ம ஸ்கூல்ல மட்டும் ஏன் மண்ணுத் தரை?"

"வாயை மூடிக்கிட்டு வா."

ஆய்வகத்தின் கதவுக்கு முன்னால் வரிசை நின்றது. அங்கே வந்ததும் மிளகுக்கே பேச்சு நின்றுவிட்டது. உதடு நடுங்கியது. மற்ற நாலும் அவளைப் பார்த்து அழத் தயாராகிவிட்டன. டீச்சருக்கும் உள்ளுக்குள் பயம்தான். அதைக் காட்டிக்கொள்ள முடியுமா? ஐந்து பேரையும் பக்கத்தில் இழுத்து, அவளே நம்பாத ஒரு சிரிப்பை முகத்தில் ஒட்டிக்கொண்டு சொன்னாள்:

"எதுக்கு இந்த பயம்? உள்ள இருக்கறதும் நம்ம அலமாரி பாட்டில் மாதிரிதான். அதே பேரு, அதே வேலை. நம்ம கிளாஸ்ல பண்ற மாதிரியே மடமடன்னு பண்ணிட்டு வாங்க. நம்ம பிள்ளைங்க கை வேகம் இந்த ஊர்ல யாருக்கு இருக்கு?"

பிள்ளைகள் முகத்தில் ரத்தம் திரும்பியது. மிளகு மூக்கைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனாள். கதவு மூடியது.

நடைபாதையில் போட்டிருந்த பெஞ்சில் ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தாடிக்கார வாத்தியார், எங்கோ ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி. இன்னொருத்தி கொஞ்சம் பருமனான டீச்சர், வறண்ட நாட்டுப் பக்கம். கையிலிருந்த கைக்குட்டையை ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டே இருந்தாள். நகரத்துப் பள்ளி வாத்தியார்கள் யாரையும் காணோம். அவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு நிம்மதியாகக் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள்.

"உங்க பிள்ளைங்க எப்படி?" என்றார் தாடிக்காரர்.

"நல்லா பண்ணுவாங்க சார். கை வேகம்."

"எங்க பிள்ளைங்களும் வேகம்தான்" என்றார் அவர். ஏனோ அதைச் சொல்லும்போது மூடிய கதவையே பார்த்தார். கைக்குட்டைக்காரி கைக்குட்டையை இன்னொரு முறுக்கு முறுக்கினாள்.

அந்த வேகம் எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். டீச்சருடைய பள்ளியில் ஆய்வகம் என்றால் ஒரு மர அலமாரி. அதற்குள் பழைய கண்ணாடி பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் அமிலத்தின் பேர், காரத்தின் பேர், உப்புக் கரைசலின் பேர், எல்லாம் டீச்சர் தன் கையால் அழகாக எழுதி ஒட்டியது. உள்ளே இருப்பது? அத்தனையிலும் தண்ணீர். பச்சைத் தண்ணீர். நிறம் வேண்டியதில் மட்டும் துளி சொட்டு நீலம், துளி டீத்தூள். வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து அவளும் கேட்காத ஆள் இல்லை, எழுதாத அலுவலகம் இல்லை. ஒரு குப்பி அமிலம் வந்து சேரவில்லை. ஆனால் 'ஆய்வகம் உண்டா?' என்று மேலேயிருந்து கேட்டால் மட்டும் 'உண்டு' என்றுதான் பதில் போகும். இல்லை என்று சொன்னால் அறிவியல் பிரிவையே தூக்கிவிடுவார்கள். அதைத் தூக்கிவிட்டால் மலைமேல் இருக்கிற பெண்பிள்ளைகளுக்கு அதற்கப்புறம் கல்குவாரிதான்.

அதனால் தண்ணீரை வைத்தே சொல்லிக்கொடுத்தாள். நாடகம் மாதிரி. "இப்போ இது வெள்ளையா மாறிடுச்சுன்னு வெச்சுக்கோ. இப்போ புகை வருதுன்னு வெச்சுக்கோ." சொட்டுவிடுகிற குழாய்கூட அங்கே கிடையாது. இருந்தது இரண்டே இரண்டு பிப்பெட், அந்த நீளமான கண்ணாடிக் குழாய். எந்த பாட்டிலாக இருந்தாலும் அதை உள்ளே விட்டு, மேல் முனையில் வாயை வைத்து உறிஞ்சி எடுப்பதுதான் வழி. கோடு வரைக்கும் ஏறியதும் டீச்சர் "விரல்!" என்று கத்துவாள். உடனே வாயை எடுத்து, ஆள்காட்டி விரலால் முனையை அடைத்துவிட வேண்டும். அடைத்தால் ஒரு சொட்டு விழாது. அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகள் தூக்கத்தில்கூட விரலை வைக்கும்.

இதில் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு பழக்கத்தைச் சேர்த்துக்கொண்டன. அந்தத் தண்ணீர் சும்மா வரவில்லை. சரிவுக்குக் கீழே உள்ள அடிபம்பிலிருந்து அவர்களே குடத்தில் சுமந்து வந்தது. வெயிலில் தூக்கி வந்தவனுக்குத் தாகம் எடுக்காதா? அதனால் முதல் இழுப்பை விழுங்கிவிடுவார்கள். இரண்டாவது இழுப்புத்தான் அளவுக்கு. "முதல் இழுப்பு கூலி டீச்சர்" என்று சொன்னவள் மிளகுதான். டீச்சரும் சிரித்துவிட்டாள். சுமந்தவர்கள் குடிக்கட்டும், பாவம், என்று விட்டுவிட்டாள். வகுப்பு முடிந்தால் பாட்டில்களில் மிச்சம் இருப்பதையும் வாயில் கவிழ்த்துவிட்டுத்தான் போவார்கள். "டேய், அமிலத்தை எனக்குக் கொஞ்சம் வை டா!" என்று ஒரே ரகளையாக இருக்கும்.

நடைபாதையில் ஒரு தள்ளுவண்டி உருண்டு வந்தது. தள்ளி வந்த ஆய்வக உதவியாளர் முழங்கை வரைக்கும் தடித்த ரப்பர் உறை மாட்டியிருந்தார். வண்டியில் கண்ணாடி மூடி போட்ட பாட்டில்கள்.

"ஓரம் போங்க, ஓரம் போங்க. அடர் அமிலம். உள்ள எல்லா மேசைக்கும் பத்தலையாம்."

அவர் கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஒரு நெடி வந்தது. மூக்கைச் சுரீரென்று குத்தி, கண்ணில் நீர் வரவைக்கிற நெடி. டீச்சர் அதைக் கடைசியாக முகர்ந்தது தான் கல்லூரியில் படித்தபோது. அன்றைக்குப் பக்கத்து மேசைக்காரியின் தாவணி நுனி எரியாமல், புகையாமல், சும்மா கரைந்து ஓட்டையானது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அடுத்த நொடி அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

'உள்ள இருக்கறதும் நம்ம அலமாரி பாட்டில் மாதிரிதான்.' யார் சொன்னது? அவளே சொன்னது. கால் மணிகூட ஆகவில்லை. 'மடமடன்னு பண்ணிட்டு வாங்க.'

முதல் இழுப்பு கூலி.

அமிலம் சுடும் என்று பாடத்தில் இருக்கிறது, பிள்ளைகள் ஒப்பிப்பார்கள், பரீட்சையில் எழுதுவார்கள். ஆனால் கைக்கு அது தெரியாதே! வாய்க்குத் தெரியாதே! அந்த வாய்கள் இரண்டு வருஷமாக அந்தப் பேர் எழுதின பாட்டிலிலிருந்து குடித்துக்கொண்டிருக்கின்றன. பதற்றத்தில் மனுஷன் பாடத்தையா யோசிப்பான், பழக்கத்தைத்தான் செய்வான்.

அவள் எழுந்து கதவுக்கு ஓடினாள். கால் தரையில் வழுக்கியது. உள்ளே நின்றிருந்த கண்காணிப்பாளர் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார்.

"என்ன மேடம்?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் என்ன ஆகும்? ஆய்வகம் இல்லாத பள்ளி, பொய் சொன்ன பள்ளி. இந்த ஐந்து பேர் மார்க்கும் செல்லாது. அறிவியல் பிரிவு போய்விடும். அடுத்த வருஷம் வரப்போகிற பெண்கள், அதற்கடுத்த வருஷம் வரப்போகிறவர்கள், எல்லாருக்கும் அவளே கதவைச் சாத்தினாள் என்றாகிவிடும். கண்ணுக்கு முன்னால் தங்கையின் முகம் வந்தது, கல் தூசி படிந்த முகம்.

"என் பொண்ணு... தங்கச்சி பொண்ணு சார், உள்ள இருக்கா. அவளுக்கு உடம்பு சரியில்லை. ஒரு நிமிஷம் வெளியே அனுப்புங்க. அவளை மட்டும்."

"வெளிய வந்தா திரும்ப உள்ள விட மாட்டோம்."

"பரவாயில்லை சார், அனுப்புங்க!"

"அந்தப் பொண்ணே ஒண்ணும் சொல்லலையே மேடம். நல்லாத்தானே நிக்குது. போய் உட்காருங்க." கதவு மூடப் போனது.

அவளை மட்டும். தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவளுக்கே காதில் விழுந்தது. அப்போ மற்ற நாலு பேர்? அவர்களையும் அவர்கள் அம்மாக்கள் இவளை நம்பித்தானே பஸ் ஏற்றினார்கள்? சீ, என்ன பிறவி நான், என்று அவளுக்குத் தோன்றியது. திரும்பிப் பெஞ்சைப் பார்த்தாள். தாடிக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகம் பேயறைந்த மாதிரி வெளுத்திருந்தது. கைக்குட்டைக்காரி கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். இவர்களுக்கு என்ன வந்தது என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

மூடுகிற கதவில் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். கண்காணிப்பாளர் அவள் கையைப் பிடித்தார். தலைமைத் தேர்வாளர், காவலாளி சொன்ன அந்தப் பெரிய மேடம், கோபமாக எழுந்து வந்தார்.

"யாருங்க நீங்க? தேர்வு நடக்கிறது தெரியலையா?"

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. நீளமான மேசைகளில் கண்ணாலேயே தேடினாள். நகரத்துப் பிள்ளைகள் ரப்பர் தலை வைத்த குட்டிச் சொட்டுக்குழாயால் ஒவ்வொரு சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி மேசையில் அதே சொட்டுக்குழாய் தொடப்படாமல் கிடந்தது. அது எதற்கு என்றே மிளகுக்குத் தெரியாது, எப்படித் தொடுவாள்? அவள் கண்ணாடி மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பிப்பெட்டை அந்த பாட்டிலுக்குள் விட்டு, குனிந்து, மேல் முனையில் உதட்டைப் பொருத்தியிருந்தாள். குழாயில் நிறமில்லாத ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

"விரல்!"

அந்தக் கூடமே அதிர்ந்தது. டீச்சர் வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை. மிளகின் வாய் விலகியது, விரல் போய் முனையை அடைத்தது. இன்னும் நாலு இடத்தில் நாலு விரல்கள் அதேபோல் அடைத்தன. மிளகின் குழாயில் உதட்டுக்கும் அமிலத்துக்கும் நடுவே ஒரு விரற்கடைதான் பாக்கி இருந்தது. அது கூலி இழுப்பு. இன்னொரு மூச்சு இழுத்திருந்தால் விழுங்கியிருப்பாள்.

"அது தண்ணி இல்ல! யாரும் வாயை வைக்காதீங்க! அது தண்ணி இல்ல, நிஜ அமிலம்!"

"என்ன உளர்றீங்க?" என்றார் தலைமைத் தேர்வாளர். "தண்ணின்னு யார் சொன்னா?"

"நான் சொன்னேன் மேடம். எங்க ஸ்கூல்ல எல்லா பாட்டில்லயும் தண்ணிதான். பிள்ளைங்க அதைக் குடிச்சுப் பழகிடுச்சுங்க." சொல்லி முடித்தாகிவிட்டது. இனிமேல் பிரிவு போனாலும் வேலை போனாலும் கொட்டின வார்த்தையை அள்ள முடியாது.

மேடத்தின் பார்வை டீச்சரைத் தாண்டிக் கூடத்துக்குள் போனது.

நடு மேசையில் பழுப்புச் சீருடை போட்ட பையன் ஒருவன் தன் உதட்டிலிருந்து பிப்பெட்டை எடுத்து மெதுவாக மேசையில் வைத்தான். அவன் தாடிக்காரரின் மாணவன். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் வைத்தான். ஜன்னலோரம் பச்சைச் சீருடைப் பெண்கள், கைக்குட்டைக்காரியின் பிள்ளைகள், வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக வைத்தார்கள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேசை மேசையாக, தூரத்து ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லாம் கண்ணாடிக் குழாய்களைக் கீழே வைக்கிற சத்தம் டிக் டிக்கென்று கேட்டது. நகரத்துப் பிள்ளைகள் சொட்டுக்குழாயும் கையுமாக, ஒன்றும் புரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

வாசலில் தாடிக்காரரும் கைக்குட்டைக்காரியும் வந்து நின்றிருந்தார்கள். மேடம் அவர்களைப் பார்த்தார். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"பெரியம்மா" என்றது ஒரு சின்னக் குரல். மிளகு இன்னும் பிப்பெட்டைப் பிடித்தபடியே நின்றிருந்தாள். விரல் அடைத்தது அடைத்தபடி. "பெரியம்மா, கை வலிக்குது. இதை இப்போ என்ன பண்றது?"

டீச்சர் கிட்டே போனாள். "அசையாதே கண்ணு. பாட்டிலுக்கு மேலேயே வச்சிரு. அப்படியே கீழே இறக்கு. இறக்கு. இப்போ விரலை மெதுவா எடு." அமிலம் பாட்டிலுக்குள் இறங்கியது. குழாயை வெளியே எடுக்கும்போது நுனியில் தொங்கிய ஒரு சொட்டு மட்டும் தவறித் தரையில் விழுந்தது. அந்த வெள்ளைக் கல் சர்ரென்று நுரைத்துக் கொதித்தது.

மிளகு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா உளியும் சம்மட்டியும் வைத்து நாளெல்லாம் அடித்தால் பெயர்கிற கல். அது அவள் கண் முன்னால் பொங்கியது. அவள் கை தானாகத் தன் தொண்டைக்குப் போனது. பிறகுதான் அழ ஆரம்பித்தாள், சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க.

"எல்லாரும் மேசையை விட்டுத் தள்ளி நில்லுங்க" என்றார் மேடம். குரலில் பழைய அதிகாரம் இல்லை. கண்காணிப்பாளரைப் பார்த்து, "தேர்வை நிறுத்துங்க" என்றார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறியதை டீச்சர் கவனித்தாள். அது என்ன பயம் என்று டீச்சருக்கு உடனே பிடிபட்டது, ஏனென்றால் அது நடைபாதையில் அவளுக்கு வந்த அதே பயம்தான்.

ஒரே நாள், ஒரே நேரம், ஒரே தேர்வு.

மேடம் ஓடினார். அந்த வயதில், அந்தப் புடவையில், வழுக்குகிற தரையில் கேட் வரைக்கும் ஓடி, கூடையோடு திரும்பி ஓடி வந்தார். கூடையைக் கவிழ்த்து, குவிந்த போன்களுக்குள் தன் போனைத் தேடி எடுத்து உயிர் கொடுத்தார். அது விழித்துக்கொள்வதற்குள் அவர் காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். மற்ற மையங்களின் தலைமைத் தேர்வாளர்களை ஒவ்வொருவராக அழைத்தார். முதல் போன் அணைந்திருந்தது. இரண்டாவதும் அணைந்திருந்தது.

"எல்லாரும் ஆஃப் பண்ணியிருப்பாங்க மேடம்" என்றார் கண்காணிப்பாளர் தயங்கித் தயங்கி. "சர்க்குலர் எல்லா சென்டருக்கும்தானே வந்திருக்கு."

மேடம் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த நம்பரை அழுத்தினார்.

டீச்சர் மிளகைத் தரையில் உட்கார வைத்துத் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். காலையில் பஸ் நிலையத்தில் அவர்கள் எல்லாரும் வாய் வைத்துக் குடித்த அதே பாட்டில். மூடியைத் திறந்து நீட்டினாள். மிளகு வாங்கிக்கொண்டாள், முகர்ந்து பார்த்தாள், உதட்டருகே கொண்டுபோனாள், நிறுத்திவிட்டாள்.

"பெரியம்மா, இது தண்ணிதானே?"

"தண்ணிதான் டி தங்கம்."

"நிஜமா?"

டீச்சர் பாட்டிலை வாங்கி, அவள் பார்க்கிற மாதிரி ஒரு மடக்கு குடித்துக் காட்டினாள். மிளகு அவள் தொண்டை ஏறி இறங்குவதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறமும் பாட்டிலை வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. மேசைப் பக்கம் மேடம் இன்னொரு நம்பரை அழைத்தார். அந்தப் போனும் அணைந்திருந்தது.